மூன்று மாநிலங்கள் கூடும் ஊருக்கு ஒரு சுவர் வரைபடம்

எங்கள் கோயில் மண்டபத்தில் வாரம் மூன்று மாலைகள் நடக்கும் பிள்ளைகள் வகுப்புக்காக, நிபோங் திபால் கடைத்தெருவில் உள்ள ஓர் எழுதுபொருள் கடையில் மலேசியாவின் பெரிய சுவர் வரைபடம் ஒன்றை 45 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். பெரியவர் ஒருவர் இரு கைகளையும் விரித்தால் எட்டும் அகலம் கொண்டது. மேலும் கீழும் மரச்சட்டம் பொருத்தி, மேற்பரப்பில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு வாரம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் இத்தகைய வரைபடங்களை நன்கொடையாக வாங்கித் தருவதுண்டு என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. பின் வரிசையில் உட்காரும் பிள்ளைகளாலும் மாநிலப் பெயர்களைப் படிக்க முடிகிறது. பெயர்கள் அனைத்தும் மலாய் மொழியில் உள்ளன. தமிழ்ப் பெயர்களைச் சிறு காகிதத் துண்டுகளில் எழுதி நாங்களே ஒட்டிக்கொண்டோம்.

எந்த மலேசிய வரைபடம் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது எங்கள் ஊர் இருக்கும் மூலையைத்தான். பினாங்கு, கெடா, பேராக் ஆகிய மூன்று மாநிலங்களும் கிரியான் ஆற்றங்கரையில் ஒன்றையொன்று தொடுகின்றன. நிபோங் திபால் பினாங்கைச் சேர்ந்தது. சற்றுத் தள்ளி இருக்கும் பாரிட் புந்தார் பேராக்கைச் சேர்ந்தது. பாரிட் புந்தாருக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் இருக்கும் பண்டார் பாரு கெடாவைச் சேர்ந்தது. ஆற்றைத்தான் எல்லை என்று எண்ணி, கடல் வரையிலும் அதன் மீதே கோடு போட்டுவிடும் மலிவு வரைபடங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மையில், கடலை நெருங்கும் பகுதியில் ஆற்றின் தென்கரையிலும் ஒரு நிலத்துண்டு பினாங்குக்கு உண்டு. சுங்கை ஆச்சே அங்கேதான் இருக்கிறது. டிரான்ஸ்கிரியானும் அங்கேதான் இருக்கிறது. கிரியானுக்கு அப்பால் உள்ள நிலம் என்பதே அந்தப் பெயரின் பொருள். நான் வாங்கிய வரைபடம் இந்தத் துண்டைச் சரியாகக் காட்டுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதன் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது.

வகுப்பில் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டியபோது ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி, "ஐயா, ஆத்துக்கு அந்தப் பக்கமும் பினாங்குதானா? எங்க பாட்டி வீடு பேராக்குன்னு இல்ல நெனச்சேன்!" என்று வியந்தாள். அவளுடைய பாட்டி அரை நூற்றாண்டாக அந்தக் கரையில்தான் வாழ்கிறார். அந்தக் கோடு ஏன் ஆற்றைத் தாண்டிச் சென்றது என்பதை விளக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. வரைபடம் அதற்கு ஒரு வரிகூட உதவவில்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். 1800இல் கெடா சுல்தானுடன் செய்த உடன்படிக்கையின் வழியாக எதிர்க்கரையில் உள்ள நிலமும் கம்பெனியின் கைக்கு வந்தது. செபராங் பிறை என்று நாம் இன்று அழைப்பது அந்த நிலத்தைத்தான். 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கை, பேராக்கில் சுல்தானுக்கு ஆலோசனை கூறும் பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடெண்டை அமர்த்தியதோடு நிற்காமல், செபராங் பிறையின் தெற்கு எல்லையையும் திருத்தியது. அதே உடன்படிக்கையில் பிரிட்டிஷார் வசமான டிண்டிங்ஸ் பகுதி 1935இல் பேராக்குக்கே திரும்பிச் சென்றது. இன்றைய மஞ்சோங் வட்டாரம் அது. கிரியானின் தென்கரை மட்டும் திரும்பவில்லை.

இதனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மூலையில் நின்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் கண்ணெதிரே மூன்று வகையான இறையாண்மை இருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் பினாங்கு ஒன்று. 1867 முதல் பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடிக் காலனியாக, ஆளுநரின் கீழ் இருந்தது. பேராக் சுல்தானைக் கொண்ட மாநிலம். ஆனால் ரெசிடெண்டின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றோடு மலாய் கூட்டமைப்பு மாநிலங்களில் ஒன்றாக இணைந்திருந்தது. கெடாவோ 1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாமிய உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்து, அதன் பிறகும் கூட்டமைப்பில் சேராத மாநிலமாகவே நீடித்தது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்து, பிறகு பால்மரம் சீவி, இன்று செம்பனை நிழலில் பேரப் பிள்ளைகளைப் பார்க்கும் குடும்பங்களின் வரலாறு இந்த மூன்று ஆட்சிகளின் நடுவில் நடந்தது. வரைபடத்தின் கீழ்ப்பகுதியில் தேசியப் பூவையும் தேசியப் பறவையையும் அச்சிட இடம் கண்டவர்கள், மாநிலங்கள் எந்த வழியில் இந்தக் கூட்டரசுக்குள் வந்தன என்பதைச் சொல்லும் ஒரு சிறு கட்டத்துக்கும் இடம் கண்டிருக்கலாம்.

இந்த வரைபடத்தின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்: கோட்டைச் சரியாக வரைகிறது, கோட்டைக் கடந்தால் என்ன மாறுகிறது என்பதைச் சொல்வதில்லை. கோலாலம்பூரில் வளரும் பிள்ளைக்கு மாநில எல்லை என்பது நெடுஞ்சாலைப் பலகையாக இருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அது அன்றாட வாழ்க்கை. பாரிட் புந்தாரிலிருந்து பாலத்தைக் கடந்து பண்டார் பாருவுக்குப் போனால் வார இறுதியே மாறிவிடுகிறது. பேராக்கிலும் பினாங்கிலும் சனி, ஞாயிறு ஓய்வு என்றால் கெடாவில் வெள்ளி, சனி ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் விருந்து என்றால், அக்கரையில் படிக்கும் பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடுதான் வந்து சேருகிறார்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கிலும் பேராக்கிலும் மாநில விடுமுறை உண்டு. கெடாவில் அது மாநில அரசின் அறிவிப்பைப் பொறுத்ததாக இருந்தது, 2021இல் அந்த விடுமுறை வழங்கப்படவில்லை. பினாங்குக் கோயில்களுக்கு 1906ஆம் ஆண்டின் சட்டத்தில் வேர் கொண்ட இந்து அறப்பணி வாரியம் இருக்கிறது. நீரிணைக் குடியேற்றக் காலத்தின் எச்சம் அது. ஆற்றங்கரையில் வாழும் மக்களின் குலதெய்வ வழிபாடு ஒன்றாக இருந்தாலும், கோயில் நிர்வாகிகள் ஏறி இறங்கும் அலுவலகப் படிகள் வேறு வேறு.

நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, கூட்டரசின் அதிகாரங்களையும் மாநிலத்தின் அதிகாரங்களையும் பட்டியலிட்டுப் பிரிக்கிறது. கல்வி கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது கூட்டரசின் கல்வி அமைச்சு. அந்தப் பள்ளி வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால் நிலத்துக்காக மாநில அரசையும் வட்டார நில அலுவலகத்தையும் நாட வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் பள்ளி இருந்தால் மூன்றாவது கதவு ஒன்றும் உண்டு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் 40 ஹெக்டருக்குக் குறையாத வேளாண் நிலத்தைத் தோட்ட நிலமாகக் கருதுகிறது. அதைக் கைமாற்றவோ துண்டாடவோ தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், அந்த வாரியம் மாநில அளவில் இயங்குவது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் காலியான காலத்தின் வலியை நேரில் கண்டவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் கோயிலின் நில விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, முதலில் நாங்கள் கூட்டரசு அலுவலகம் ஒன்றுக்கும் பிறகு வேறொரு வட்டார அலுவலகத்துக்கும் போய் ஓராண்டை வீணாக்கினோம். எந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதால்தான் வரைபடத்தையே வாங்கினேன்.

வண்ணங்களுக்கு வருகிறேன். 13 மாநிலங்களுக்கும் தனித்தனி வண்ணம் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் மாநிலங்கள் ஒரே வகையின அல்ல. ஒன்பது மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு. அவர்களில் ஏழு பேர் சுல்தான்கள், பெர்லிஸில் ராஜா, நெகிரி செம்பிலானில் யாங் டி பெர்துவான் பெசார். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்குக்கும் ஆட்சியாளர் இல்லை. நாட்டின் தலைவரான மாமன்னர் நியமிக்கும் யாங் டி பெர்துவா நெகிரிதான் மாநிலத் தலைவர். ஆட்சியாளர் உள்ள மாநிலங்களில் அரசுத் தலைமை மந்திரி பெசாரிடமும், பினாங்கில் முதலமைச்சரிடமும் இருப்பதற்கான காரணம் இதில் அடங்கியிருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்சியாளர்கள் மன்றத்தில் வாக்களிப்பவர்கள் அந்த ஒன்பது பேர் மட்டுமே. முடியாட்சியையும் கூட்டாட்சியையும் சுழற்சி முறையையும் இப்படி ஒன்றாகப் பின்னிய அமைப்பு உலகில் வேறெங்கும் இல்லை என்று பிள்ளைகளிடம் பெருமையோடு சொன்னேன். ஆட்சியாளர் உள்ள மாநிலங்களுக்கு ஒரு வண்ணக் குடும்பம், இல்லாத மாநிலங்களுக்கு வேறொன்று என்று பிரித்திருந்தால், ஒரே பார்வையில் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

கூட்டரசுப் பிரதேசங்கள் விஷயத்தில் இவ்வரைபடம் தவறுகிறது. விளக்கக் கட்டத்தில் 3 கூட்டரசுப் பிரதேசங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் கோலாலம்பூர் ஒரு நட்சத்திரம், புத்ராஜெயா ஒரு புள்ளி. இரண்டுக்கும் எல்லைக்கோடு இல்லை. சிலாங்கூரின் வண்ணம் இரண்டையும் விழுங்கிவிட்டது. கோலாலம்பூர் 1974இலும் புத்ராஜெயா 2001இலும் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசின் நேரடி ஆட்சிக்கு வந்தவை. அங்கே வாழ்பவர்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார்கள், சட்டமன்றத் தொகுதி அவர்களுக்கு இல்லை. 1984இல் கூட்டரசுப் பிரதேசமான லாபுவானுக்கு மட்டும் தனி வண்ணம் கிடைத்திருக்கிறது, அது தீவாக இருப்பதால் தப்பியது போலும். கோலாலம்பூரின் எல்லையைச் சிவப்பு மையால் நானே வரைந்துவிட்டேன்.

சபாவையும் சரவாக்கையும் தீபகற்பத்தைவிடச் சிறிய அளவையில், வலப்பக்கக் கட்டம் ஒன்றுக்குள் அடைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு இவ்விரு மாநிலங்களுடையது. சரவாக் தனியாகவே தீபகற்பம் முழுவதற்கும் கிட்டத்தட்ட இணையானது. அளவை மாறியிருப்பதைச் சிறிய எழுத்தில் குறித்திருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகள் எழுத்தைவிட உருவத்தை நம்புகிறார்கள். சரவாக் பகாங்கைவிடச் சற்றுப் பெரியது என்று என் வகுப்பில் மூன்று பேர் எழுதினார்கள். 1963 செப்டம்பர் 16 அன்று மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகிய நான்கும் சேர்ந்து மலேசியாவை உருவாக்கின. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தது. சபாவும் சரவாக்கும் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டே சேர்ந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளை வளர்ந்து கூச்சிங்கில் வேலைக்குப் போக நினைத்தால், சொந்த நாட்டுக்குள்ளேயே வேலை அனுமதி வாங்க வேண்டும். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, மலாயாவின் மாநிலங்களையும் போர்னியோவின் மாநிலங்களையும் மீண்டும் தனித்தனிப் பிரிவுகளாக எழுதியது. சட்டத்தில் இத்தனை எடை உள்ள வேறுபாட்டைக் கட்டத்துக்குள் சுருக்குவது கல்விக்கான வரைபடத்துக்கு உகந்ததல்ல.

அயல்நாட்டு எல்லைகள் பெரும்பாலும் சரி. புருணை இரு துண்டுகளாகவும், நடுவே லிம்பாங் சரவாக்கின் வண்ணத்திலும் இருக்கின்றன. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் சபாவோடு காட்டப்பட்டிருக்கின்றன. அனைத்துலக நீதிமன்றம் 2002இல் அவற்றை மலேசியாவுக்கு வழங்கியது. ஆனால் ஜொகூர் கரைக்கு அப்பால் பத்து பூத்தே தீவும் ஜொகூரின் வண்ணத்தில் இருக்கிறது. அதே நீதிமன்றம் 2008 மே 23 அன்று அந்தத் தீவைச் சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள நடுப்பாறைகளை மலேசியாவுக்கும் தீர்ப்பளித்தது. ஆண்டுகள் பல கடந்த பின்னும் பழைய தகட்டையே அச்சேற்றுவது பதிப்பாளரின் கவனக் குறைவு. பிடித்ததைச் சொல்லும் தீர்ப்பை ஏற்று, பிடிக்காததை விட்டுவிடும் பழக்கத்தை வரைபடத்திலிருந்தே பிள்ளைகள் கற்கக் கூடாது.

கெடாவும் பினாங்கும் பற்றி ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பில் அதிக நேரம் எடுத்தது இதுதான். லைட்டின் காலத்து உடன்படிக்கைகளின் தொடர்ச்சியாகக் கூட்டரசு அரசாங்கம் கெடாவுக்கு ஆண்டுதோறும் 10,000 ரிங்கிட் வழங்கிவந்தது. 2018இல் அது 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இதைக் கேட்டதும் ஒரு பையன், "அப்போ நம்ம ஊரு வாடகைக்கு இருக்கா ஐயா?" என்று கேட்டான். சிலர் அரசியல் மேடைகளில் எழுப்பும் கேள்வியும் அதுவே. அரசியலமைப்பின் முதல் பிரிவு பினாங்கைக் கூட்டரசின் மாநிலமாகப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. இரண்டாம் பிரிவின்படி ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றச் சட்டத்தோடு அந்த மாநிலச் சட்டமன்றத்தின் இசைவும் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் வேண்டும். பழைய கொடுப்பனவு ஒரு வரலாற்றுக் கடமை, இறையாண்மை வேறு என்று விளக்கினேன். பையன் ஒப்புக்கொண்டான், முழு மனத்தோடு என்று சொல்ல மாட்டேன்.

வட்டார எல்லைகள் மெல்லிய சாம்பல் கோட்டில் உள்ளன. ஊராட்சி மன்ற எல்லைகள் இல்லை. செபராங் பிறை மாநகர் மன்றம், கிரியான் மாவட்ட மன்றம், பண்டார் பாரு மாவட்ட மன்றம் ஆகிய மூன்றும் எங்கள் மூலையில் அருகருகே இருப்பவை. குப்பை அள்ளுவதும் சாலை விளக்கும் கடை உரிமமும் அவற்றின் பொறுப்பு. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் நெடுங்காலம் இந்த மன்றங்களின் சேவை லயங்களை எட்டவில்லை. தோட்டத்து எல்லைக் கம்பி வேலி எந்த வரைபடத்திலும் இல்லாத எல்லை, ஆயினும் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் அதன் அருகில் வந்து நின்றுவிட்டதை எங்கள் தலைமுறை கண்டது. சுவர் வரைபடத்தில் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று தெரியும். ஊராட்சி மன்றக் கோடுகளையாவது சேர்த்திருக்கலாம் என்று கேட்பது நியாயமே.

எங்கள் வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைச் சொன்னால் வாங்குவோருக்கு உதவும். ஒவ்வொரு பிள்ளையும் தன் அடையாள அட்டை எண்ணின் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்களைப் பார்த்து, பிறந்த மாநிலத்தில் பெயரை ஒட்டினார்கள். 07 பினாங்கு, 08 பேராக், 02 கெடா. பினாங்கில் வாழும் பிள்ளைகளில் சிலர், பாரிட் புந்தார் மருத்துவமனையில் பிறந்ததால் 08 என்ற எண்ணோடு இருப்பதை அன்றுதான் அறிந்தார்கள். வெள்ளி, சனி ஓய்வுள்ள மாநிலங்களைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டினோம்: கெடா, கிளந்தான், திரெங்கானு. ஜொகூர் 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டதால் அங்கே நூல் இல்லை. பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பசையும் மையும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகின்றன, இது பெரிய வசதி.

கடையைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும். கடைக்கார அண்ணன் வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டிய பிறகே விலை பேசினார். பத்து பூத்தே பிழையைப் பிறகு சொன்னபோது பதிப்பாளரின் முகவரிடம் எடுத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டு, குறித்தும் வைத்துக்கொண்டார். மடித்து விற்கும் பதிப்பு 28 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, ஆனால் அதன் மடிப்புக் கோடு பேராக்கின் வடக்கு எல்லையின் மீதே விழுவதால் எங்கள் மூலை சில மாதங்களில் கிழிந்துவிடும். 45 ரிங்கிட் பதிப்பையே கேளுங்கள். கோலாலம்பூரின் எல்லையை வரைய ஒரு சிவப்புப் பேனாவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.